ஸ்டெப்பர் மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கணினியிலிருந்து கட்டளை அனுப்பி மோட்டாரை ஓட்டப் பழகுபவர்கள் பெரும்பாலும் தொடங்குவது ஒரே கூட்டணியில்தான்: ஜிஆர்பிஎல் 1.1 (கட்டளையை மோட்டார் நகர்வாக மாற்றும் மென்பொருள்) ஏற்றிய ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு, அதன் மேல் செருகும் இணைப்புப் போர்டான சிஎன்சி ஷீல்டு, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 அல்லது டிஆர்வி8825 டிரைவர்கள், சிறு சிறு படியாக (ஸ்டெப்) சுற்றும் நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார்கள், 12 அல்லது 24 வோல்ட் பவர் சப்ளை. கீழே உள்ளவை இந்தக் கூட்டணியில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். உங்களுக்குத் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பொருள் மாற்ற வேண்டிய காரணம் கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஆலன் கீ, மெல்லிய மார்க்கர் பேனா, வெர்னியர் காலிப்பர்.

இரண்டு விதிகளை மட்டும் மீறாதீர்கள். பவர் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றவும் கூடாது, செருகவும் கூடாது. காயிலில் ஓடும் கரண்ட் திடீரென அறுபடும்போது எழும் வோல்டேஜ் டிரைவரை அந்த நொடியே கொன்றுவிடும். பிளக் லூஸாக இருந்து தானாகக் கழன்றாலும் இதே கதிதான். அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜம்பர் (ஷீல்டில் செருகும் சிறு இணைப்பான்), கரண்ட், வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்.

அறிகுறி 1: மோட்டார் அசையவே இல்லை

கட்டளை அனுப்பிவிட்டு, மோட்டார் தண்டைக் கையால் திருகிப் பாருங்கள். இங்கேதான் வழி பிரிகிறது.

*தண்டு இலகுவாகச் சுழல்கிறது*

மோட்டாருக்குக் கரண்டே வரவில்லை.

முதலில் பவர் சப்ளை. யுஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ட், ஆர்டுயினோவை மட்டும்தான் எழுப்பும். மோட்டாருக்குத் தனி சப்ளை வேண்டும். போர்டில் விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஷீல்டின் பவர் டெர்மினலிலேயே மல்டிமீட்டர் வைத்து 12 அல்லது 24 வோல்ட் வருகிறதா பாருங்கள். சப்ளையின் வாயில் இருக்கும் வோல்டேஜ் டெர்மினலில் இல்லை என்றால் வயரிலோ ஸ்க்ரூவிலோ குறை.

அடுத்து $1 அமைப்பு ($ குறியோடு எண் வருபவை எல்லாம் ஜிஆர்பிஎல்-இன் அமைப்புகள்). இதன் மதிப்பு 25 என்றால், நகர்வு முடிந்த 25 மில்லிசெகண்டில் ஜிஆர்பிஎல் மோட்டாரை விட்டுவிடும். அப்போது தண்டு இலகுவாகச் சுழல்வது இயல்பு, கோளாறு அல்ல. எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் $1=255. செங்குத்து அச்சு தன் எடையால் மெல்ல இறங்கினாலும் இதே மருந்துதான்.

பிறகு டிரைவர் செருகிய திசை. ஷீல்டில் ஈஎன் என்று குறித்த துளையும் டிரைவரின் ஈஎன் காலும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கரண்ட் திருகை அடையாளமாக வைத்துச் செருகாதீர்கள். ஏ4988-இல் அந்தத் திருகு ஒரு முனையிலும், டிஆர்வி8825-இல் எதிர் முனையிலும் இருக்கும். ஒரு வகையைக் கழற்றிவிட்டு மற்றதை அதே பழக்கத்தில் செருகியதால் எரிந்த டிரைவர்கள் ஏராளம். திருப்பிச் செருகிப் பவர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த டிரைவரை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

*தண்டு இறுகப் பிடித்திருக்கிறது, ஆனால் நகரவில்லை*

கரண்ட் வருகிறது, ஸ்டெப் கட்டளைதான் வரவில்லை. பெரும்பாலும் ஜிஆர்பிஎல் அலாரத்தில் பூட்டிக்கொண்டிருக்கும். எந்த நகர்வுக் கட்டளை கொடுத்தாலும் எர்ரர் 9 என்று பதில் வரும். டாலர் குறியும் எக்ஸ் எழுத்தும் சேர்த்து அனுப்பினால் பூட்டுத் திறக்கும். பதிலே வரவில்லை, அல்லது கிறுக்கல் எழுத்தாக வருகிறது என்றால் மென்பொருளில் பாட் ரேட் (தொடர்பு வேகம்) 115200 என்று இருக்கிறதா பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு அச்சு மட்டும் அசையவில்லையா? பவரை நிறுத்திவிட்டு, ஓடும் அச்சின் டிரைவரையும் ஓடாத அச்சின் டிரைவரையும் இடம் மாற்றுங்கள். கோளாறு டிரைவரோடு போனால் டிரைவர் போய்விட்டது. கோளாறு அதே இடத்தில் நின்றால் வயர், மோட்டார் அல்லது ஷீல்டு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் புது டிரைவர் வாங்காதீர்கள்.

அறிகுறி 2: அதிர்கிறது, முனகுகிறது, சுற்ற மறுக்கிறது

மோட்டார் அதே இடத்தில் நின்று நடுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு காயில் வயர் ஜோடி மாறியிருக்கும். நான்கு வயர் மோட்டாரில் இரண்டு காயில். வயர் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

மோட்டாரை ஷீல்டிலிருந்து கழற்றிவிட்டு, ஏதாவது இரண்டு வயர் முனைகளை ஒன்றோடொன்று தொடவிட்டுத் தண்டைத் திருகுங்கள். சட்டென்று கெட்டியாகி, பல் பல்லாகத் தடுக்கினால் அவை ஒரே காயில். இலகுவாகவே சுற்றினால் ஒன்றை மாற்றி மறுபடி பாருங்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் ஒரே காயிலின் இரு முனைகளுக்கு நடுவே சில ஓம் காட்டும் (நீமா 17-இல் சாதாரணமாக 1 முதல் 5 வரை). வேறு வேறு காயில்களுக்கு நடுவே எதுவும் காட்டாது. இரண்டு காயிலின் ஓம் மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 2 ஓம், மற்றது திறந்த சுற்று என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. வயரை வளைத்து வளைத்துப் பாருங்கள், அளவு துள்ளினால் அறுந்த இடம் அங்கேதான். ஜோடியைச் சரிசெய்த பிறகு எதிர்த்திசையில் சுற்றினால் வயரைத் தொட வேண்டாம், $3-இல் அந்த அச்சைத் திருப்பிவிடுங்கள்.

ஜோடி சரி, ஆனாலும் வேகமாக ஓடச் சொன்னால் மட்டும் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடுகிறதா? வேகமும் முடுக்கமும் மோட்டாரால் தாங்க முடியாத அளவு வைத்திருக்கிறீர்கள். $110 (முதல் அச்சின் உச்ச வேகம், நிமிடத்துக்கு மி.மீ.) மதிப்பை 500-க்கும், $120 (அதன் முடுக்கம், நொடி வர்க்கத்துக்கு மி.மீ.) மதிப்பை 50-க்கும் இறக்கிப் பாருங்கள். ஓடினால் படிப்படியாக ஏற்றுங்கள், தடுமாறும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதில் 70 சதவீதத்தில் நிறுத்துங்கள். வேகம் கூடக் கூட ஸ்டெப்பரின் முறுக்குவிசை குறையும். 12 வோல்ட்டிலிருந்து 24-க்குப் போனால் மேல் வேகத்தில் நல்ல பலன் தெரியும். கரண்ட்டைத் திருகி ஏற்றுவதால் அந்தப் பலன் வராது.

அறிகுறி 3: ஓடுகிறது, தூரம் மட்டும் தப்பு

100 மி.மீ. போகச் சொல்லி அளந்து பாருங்கள். அளக்கும் முன் அதே திசையில் 10 மி.மீ. நகர்த்திவிட்டுப் பூஜ்யம் வையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரத்தின் ஆட்டமும் உங்கள் அளவில் கலந்துவிடும்.

*சரியாகப் பாதி, இரட்டிப்பு, கால் என்று வருகிறது*

மைக்ரோஸ்டெப் ஜம்பர். மூன்று ஜம்பரும் போட்டிருந்தால் ஏ4988 ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிக்கும், அதே மூன்று ஜம்பரில் டிஆர்வி8825 அதை 32 ஆகப் பிரிக்கும். ஏ4988-ஐ டிஆர்வி8825 ஆக மாற்றிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால் தூரம் சரியாகப் பாதியாகும்.

$100 (முதல் அச்சில் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப்) மதிப்பைக் கணக்குப் போட்டே வையுங்கள். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப் என்றால் 3200. ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புல்லியும் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும்: 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ (சுற்றும்போது தட்டை நகர்த்தும் நீளத் திருகு) என்றால் 400. லீட் ஸ்க்ரூவில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு: புரி இடைவெளி 2 மி.மீ. என்று காலிப்பரில் அளந்து 1600 போட்டுவிடுவார்கள். நான்கு தொடக்கம் கொண்ட ஸ்க்ரூ, ஒரு சுற்றில் 8 மி.மீ. போகும். ஸ்க்ரூவின் முனையைப் பார்த்து எத்தனை புரி தொடங்குகிறது என்று எண்ணுங்கள்.

*ஓரிரு சதவீதத்துக்குள் எப்போதும் ஒரே அளவு தப்பு*

புதிய மதிப்பு = பழைய மதிப்பு × சொன்ன தூரம் ÷ போன தூரம். 80 வைத்து 100 சொன்னதற்கு 99.6 போனால், 80.32. ஆனால் இந்தத் திருத்தம் 1 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணைத் திருத்தி மூடி மறைக்காதீர்கள். பெல்ட் தளர்வாக இருக்கும், அல்லது 20 பல் என்று வாங்கிய புல்லியில் வேறு எண்ணிக்கை இருக்கும். பல்லை எண்ணுங்கள்.

*போகும்போது சரி, திரும்பும்போது தப்பு*

இது மென்பொருள் விஷயமே இல்லை, இயந்திர ஆட்டம். நகரும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மோட்டார் தண்டு நின்றிருக்கத் தட்டு மட்டும் அசைந்தால் நட்டிலோ கப்ளிங்கிலோ (மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைப்பது) பேரிங்கிலோ ஆட்டம். கப்ளிங்கைத் தண்டோடு பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சிறு திருகு) இறுக்குங்கள், பிறகு ஸ்பிரிங் வைத்த ஆட்டம் நீக்கும் நட்டுக்கு மாறுங்கள். பால் ஸ்க்ரூவில் ஆட்டம் வந்தால் நட்டைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், குண்டுகள் உதிர்ந்துவிடும். அதை இயந்திரப் பொருத்துநரிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் இடம் நழுவுகிறது

எல்லாக் கோளாறுகளிலும் அதிக நேரம் தின்பது இதுதான். மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டதா, அல்லது மோட்டார் சரியாகச் சுற்றியும் புல்லி தண்டில் வழுக்கியதா என்பது தெரியாமலேயே எல்லோரும் டிரைவரைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் மார்க்கர் பேனாவை எடுங்கள். மோட்டார் தண்டின் முனையிலும் புல்லியின் முகத்திலும் சேர்ந்தாற்போல ஒரே நேர்கோடு இழுங்கள், கப்ளிங்கிலும் அப்படியே. வேலையை ஓட்டுங்கள். நழுவிய பிறகு பாருங்கள். தண்டில் உள்ள கோடும் புல்லியில் உள்ள கோடும் மயிரிழை விலகியிருந்தாலும் குற்றவாளி கிரப் ஸ்க்ரூ. தண்டின் தட்டையான பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ நேராக உட்கார வேண்டும். வளைந்த பக்கத்தில் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் வழுக்கும். சரியாக உட்கார்ந்த பிறகு, கழலாமல் இருக்க நடுத்தர வலு திரெட் லாக்கர் ஒரு சொட்டு.

கோடு விலகவில்லை என்றால் மோட்டார்தான் ஸ்டெப்பை விட்டிருக்கிறது. அப்போது இந்த வரிசையில் போங்கள்.

*எங்கோ பிடிக்கிறதா?* பவரை நிறுத்தி, மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, அச்சைக் கையால் முனையிலிருந்து முனைவரை மெதுவாக நகர்த்துங்கள். (சொருகியபடியே வேகமாகத் தள்ளினால் மோட்டார் டைனமோவாகி டிரைவருக்குள் வோல்டேஜ் அனுப்பும்.) ஓரிடத்தில் கனமாக உணர்ந்தால் அங்கே தண்டவாளம் இணையாக இல்லை, அல்லது ஸ்க்ரூ வளைந்திருக்கிறது. நழுவல் எப்போதும் அதே இடத்தில் நடந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

*கரண்ட் சரியா?* டிரைவரின் கரண்ட் திருகில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பவர் போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை அந்தத் திருகின் உலோகத் தலையிலும் வையுங்கள். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் டிரைவர் போய்விடும், கையை ஊன்றிக்கொள்ளுங்கள். டிஆர்வி8825-இல் மோட்டார் சப்ளை ஓடினால்தான் அளவு காட்டும்.

1 ஆம்பியருக்கு வர வேண்டிய அளவுகள்: டிஆர்வி8825-இல் 0.50 வோல்ட். ஏ4988-இல் சிப்பின் அருகே உள்ள இரண்டு சிறு ரெசிஸ்டர்களில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். 100 என்று இருந்தால் 0.80 வோல்ட், 068 என்றால் 0.54, 050 என்றால் 0.40. இதைப் படிக்காமல் பொதுவான எண்ணை வைத்துவிடுவதால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஏ4988-இல் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கும். மோட்டார் மேல் எழுதிய கரண்டில் 70 சதவீதத்தில் தொடங்குவது நல்லது.

*முடுக்கம் அதிகமா?* $120-ஐப் பாதியாக்கி அதே வேலையை ஓட்டுங்கள். நழுவல் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

*ஸ்டெப் வேகம் எல்லை தாண்டுகிறதா?* யூனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்கு ஏறக்குறைய 30,000 ஸ்டெப்வரைதான் நம்பகமாகத் தரும். 8 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் 32 மைக்ரோஸ்டெப் வைத்தால் மி.மீ.க்கு 800 ஸ்டெப். நிமிடத்துக்கு 3000 மி.மீ. கேட்டால் நொடிக்கு 40,000 ஆகிறது. முடியாது. 16-க்கு இறக்கினால் 20,000, தாராளமாகப் போகும். 32 வைத்தால் துல்லியம் இரட்டிப்பாகும் என்று நினைத்துத்தான் பலர் ஏற்றுகிறார்கள். இந்த அளவு இயந்திரத்தில் அந்த வித்தியாசம் காலிப்பரில் தெரியாது.

*திசை மாறும்போது மட்டும் விடுகிறதா?* பெட்டி வகை வெளி டிரைவர் (சிக்னலை ஒளியால் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியே வாங்கும் வகை) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். 10 மி.மீ. முன்னும் பின்னும் 100 முறை ஓடும் ஒரு சிறு நிரலை ஓட்டுங்கள். பிறகு 1000 மி.மீ. தூரத்தைத் திசை மாறாமல், இடம் போதாவிட்டால் மிகக் குறைந்த திருப்பங்களில் ஓட்டுங்கள். முதலாவது எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், இரண்டாவது சரியாக வந்தால் திருப்பம்தான் பிரச்சினை. திசை சிக்னல் டிரைவருக்குள் நிலைபெறும் முன்பே ஸ்டெப் சிக்னல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு திருப்பத்துக்கு இரண்டு மைக்ரோஸ்டெப் தவறினாலும், மி.மீ.க்கு 80 என்ற கணக்கில் 0.025 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, நூறு முறையில் 2.5 மி.மீ. ஆகிவிடும். $2-இல் அந்த அச்சின் ஸ்டெப் சிக்னலைத் திருப்பிப் பாருங்கள் (முதல் அச்சுக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4, கூட்டி எழுதலாம்). பெரும்பாலும் இதிலேயே தீரும்.

*டிரைவர் சூட்டில் நின்று நின்று எழுகிறதா?* பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஒரு நொடி விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் இதுதான். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

இவை அனைத்தும் முடிந்தும் நழுவினால் மோட்டார் அந்தச் சுமைக்குச் சிறியது. பெரிய மோட்டார், பெரிய டிரைவர் என்று செலவு தொடங்குமுன் சுமையைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 5: கொதிக்கிறது

மோட்டாரா, டிரைவரா என்று பிரியுங்கள்.

மோட்டார் கையில் வைக்க முடியாத அளவு சுடுவது ஸ்டெப்பரில் அபூர்வம் அல்ல; நிற்கும்போதும் முழுக் கரண்ட் இழுக்கும் சாதி அது. உடம்பு 80 டிகிரி செல்சியஸ்வரை போனாலும் பெரும்பாலான மோட்டார்கள் தாங்கும். மோட்டாரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்காது: பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி அச்சில் செய்த பிடிமானம் 60 டிகிரி அருகிலேயே இளகி, மோட்டார் சாய்ந்து, பெல்ட் தளரும். கரண்டை 10 சதவீதம் குறையுங்கள், அல்லது உலோகப் பிடிமானம் போடுங்கள்.

டிரைவர் சுட்டால் அது வேறு கதை. ஏ4988 ஹீட் சிங்க் இல்லாமல் ஏறக்குறைய 1 ஆம்பியர், டிஆர்வி8825 ஏறக்குறைய 1.5 ஆம்பியர் தாங்கும். அதற்கு மேல் ஹீட் சிங்க்கோடு காற்றாடியும் வேண்டும். ஹீட் சிங்க் ஒட்டும்போது அது பக்கத்துக் கால்களைத் தொடாமல் பாருங்கள். டிரைவர்கள் அடிக்கடி எரிகின்றன என்றால், பவர் டெர்மினலுக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். நீண்ட பவர் வயரோடு அது இல்லாவிட்டால், ஆன் செய்யும் கணத்தில் எழும் வோல்டேஜ் துள்ளல் டிரைவரின் எல்லையைத் தாண்டிவிடும்.

கரிந்த வாசனை பவர் சப்ளையிலிருந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதன் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர் உயிரைப் பறிக்கும் வோல்டேஜை வைத்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் வேலை அது.

அறிகுறி 6: யாரும் தொடாமலே லிமிட் அலாரம்

ஓடும் நடுவில் அலாரம் 1 வந்து நின்றால், லிமிட் ஸ்விட்ச் (அச்சு தன் ஓரத்தை எட்டினால் அழுந்துவது) உண்மையிலேயே அழுந்தியதா என்று பாருங்கள். கேள்விக்குறி ஒன்றை அனுப்பினால் நிலை அறிக்கையில் எந்த லிமிட் அழுந்தியிருக்கிறது என்று அச்சின் எழுத்து வரும். கையால் அழுத்தினால் வந்து, விட்டால் போக வேண்டும்.

ஒன்றும் அழுந்தாமல் அலாரம் வருகிறது என்றால் மோட்டார் வயரின் இரைச்சல் லிமிட் வயரில் ஏறுகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். அடுத்து, ஸ்விட்சை எப்போதும் மூடியிருக்கும் வகையில் இணைத்து $5-ஐ 1 ஆக்குங்கள். இதில் வயர் அறுந்தாலும் உடனே அலாரம் வரும், அதுவே பெரிய பாதுகாப்பு. இன்னும் நிற்காவிட்டால் லிமிட் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். கடைசியாக உலோக உறை போட்ட வயர், அந்த உறையைப் போர்டு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்து.

ஹோமிங்கில் (ஸ்விட்சைத் தேடிப்போய்த் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) அலாரம் 9 வந்தால் ஸ்விட்சைக் குறை சொல்லுமுன் $130-ஐ (முதல் அச்சின் மொத்த நகர்வு தூரம்) பாருங்கள். ஜிஆர்பிஎல் அந்த எண்ணின் ஒன்றரை மடங்கு தூரம்வரைதான் ஸ்விட்சைத் தேடும். மேசை 600 மி.மீ. இருக்க அமைப்பில் 200 என்று கிடந்தால், 300 மி.மீ. போய்விட்டுக் கைவிட்டுவிடும். அலாரம் 8 என்றால் ஸ்விட்சிலிருந்து விலகும் தூரம் போதவில்லை. $27-ஐ 1-லிருந்து 3 ஆக்குங்கள்.

செங்குத்து அச்சின் ஸ்விட்ச் மட்டும் வேலை செய்யவில்லையா? சிஎன்சி ஷீல்டின் 3-ஆம் பதிப்பில் அச்சிட்டிருப்பதும் புதிய ஜிஆர்பிஎல் எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகாது. லிமிட் 11-ஆம் காலிலிருந்து 12-ஆம் காலுக்கு மாறிவிட்டது. ஸ்பிண்டில் எனேபிள் என்று குறித்த இடத்தில் அந்த வயரைச் செருகுங்கள்.

அறிகுறி 7: வேலை நடுவில் கணினித் தொடர்பு அறுகிறது

ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) ஆன் ஆகும்போது அறுந்தால் இரைச்சல். குட்டையான, ஃபெரைட் மணி உள்ள யுஎஸ்பி வயருக்கு மாறுங்கள், ஸ்பிண்டிலுக்குத் தனி சப்ளை கொடுங்கள். ஸ்பிண்டில் ஓடாதபோதும் அறுந்தால் கணினியின் தூக்க அமைப்பையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் அணையுங்கள். இயந்திரத்தின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீரென்றால் தொடர்புப் பிரச்சினையை மறந்துவிட்டு மெயின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது.

அறிகுறி 8: என்கோடர் உள்ள மோட்டார், ஆன் செய்ததும் வெறிபிடித்து ஓடுகிறது

ஸ்டெப்பரிலிருந்து டிசி சர்வோவுக்கு (சுழற்சியை அளக்கும் என்கோடர் பொருத்திய மோட்டார்) மாறுபவர்கள் முதல் நாளே சந்திப்பது. மோட்டார் முன்னே போக, என்கோடர் பின்னே போகிறது என்று எண்ணுகிறது. பிழையைச் சரிசெய்ய முயன்று இன்னும் வேகமெடுக்கிறது. என்கோடரின் ஏ, பி வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள், அல்லது மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றுங்கள். இரண்டையும் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். முதல் சோதனையை மோட்டாரை இயந்திரத்திலிருந்து கழற்றி, மேசையில் இறுகப் பிடித்துவைத்து, அவசர நிறுத்தப் பொத்தானில் ஒரு கை வைத்துச் செய்யுங்கள்.

வெறிபிடிக்கவில்லை, ஆனால் நின்ற இடத்தில் முன்னும் பின்னும் நடுங்குகிறது என்றால் முதலில் கப்ளிங் ஆட்டத்தைப் பாருங்கள், பிறகு டிரைவின் அமைப்பில் பி (P, பிழையின் அளவுக்கேற்பத் திருத்தும் வலு) அளவைப் பாதியாக்குங்கள். ஐ (I, சேர்ந்துகொண்டே வரும் பிழையைத் திருத்தும் வலு) அளவை அதுவரை பூஜ்யத்திலேயே வையுங்கள். மெயின் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சர்வோ என்றாலோ, ஆள் மேல் விழக்கூடிய எடையைத் தூக்கும் அச்சு என்றாலோ இந்தச் சோதனைகளில் எதையும் நீங்களாகச் செய்யாமல், அந்த டிரைவின் சர்வீஸ் ஆளை வரவழையுங்கள்.